பால் காய்ச்சும் முன் புது வீட்டைச் சோதித்துவிடுங்கள்

சிங்கப்பூரில் புது வீட்டுச் சாவி வாங்கும் தேதி தெரிந்ததுமே நம் வீடுகளில் நாள் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும், மார்கழிக்குள் தள்ளிவிடக் கூடாது என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்தில் வீட்டுச் சோதனை பின்னுக்குப் போய்விடுகிறது. கணபதி ஹோமம் முடிந்து, புதுப்பிப்புக் குத்தகையாளர் சிமெண்ட் மூட்டைகளை இறக்கிய பிறகு "இந்த டைலில் கீறல் இருக்கிறதே" என்று சொன்னால், அது கட்டியவர் விட்ட கீறலா, பின்னால் வந்தவர் போட்டதா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கூரையில் படிந்த புகையும் தரையில் ஊறிய மஞ்சளும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

ஆகவே வரிசை இது: சாவி, மின்சாரமும் தண்ணீரும், சோதனை, பழுதுபார்ப்பு, மறுசோதனை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. நல்ல நாளைத் தள்ளவே முடியாது என்றால், ஹோமத்துக்கு முந்திய நாளுக்குள் சோதனையாவது முடிந்து, ஒவ்வோர் அறையும் படம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிடிமானம் எங்கே இருக்கிறது

சில நாடுகளில் சோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் மிச்சப் பணம் கைமாறும். சிங்கப்பூரில் புது வீட்டுக்கு அப்படி இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடென்றால் சாவி வாங்கும்போதே பணக் கணக்கு முடிந்துவிடும். வீட்டுக்குள் முதன்முதலாகக் கால் வைப்பதே அதன் பிறகுதான். கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடி வீட்டில் டிஓபி எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி கிடைத்ததும் வீட்டை ஒப்படைக்கும் அறிவிப்பு வரும். வழக்கமான கட்டண முறைப்படி விலையில் 25% அப்போது கட்ட வேண்டியிருக்கும். "குறையைச் சரிசெய்தால்தான் பணம்" என்று நிறுத்திவைக்கும் உரிமை வாங்குபவருக்கு இல்லை. தாமதித்தால் வட்டிதான் ஏறும்.

உங்கள் கையில் இருப்பது டிஎல்பி என்று எல்லாரும் சொல்லும் குறை நிவர்த்திக் காலம். வீவக வீட்டுக்கு அது சாவி பெற்ற நாளிலிருந்து ஓராண்டு. அதற்கு மேல், குளியலறை, சமையலறைக் கூரைக் கசிவுக்கும் வெளிச்சுவர் வழியாக நீர் ஊறுவதற்கும் 5 ஆண்டு, கான்கிரீட் பெயர்ந்து விழுவதற்கு 10 ஆண்டு உத்தரவாதம் உண்டு. கொண்டோவுக்கு 12 மாதம். ஆனால் அந்த 12 மாதம் எப்போது தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்: நீங்கள் வீட்டை எடுத்துக்கொண்ட நாள், அல்லது அறிவிப்பு கைக்கு வந்த 15ஆம் நாள், இரண்டில் எது முந்தியோ அது. வெளிநாட்டில் இருக்கிறோம், இரண்டு மாதம் கழித்துச் சாவி வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நாட்கள் போனது போனதுதான்.

வீவக வீட்டுக்காரர்களுக்கு ஓராண்டு இருந்தாலும், முதல் மாதத்துக்குள் புதுப்பிப்பு தொடங்கும் முன் பட்டியலைக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. புதிய புளோக்குகளுக்கென அமைக்கப்படும் கட்டடச் சேவை நிலையத்தில் ஆட்கள் நிறைய இருப்பதும் அந்த முதல் மாதங்களில்தான்.

யாரைக் கூப்பிடுவது

வீட்டுக் குறைச் சோதனை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கட்டணம் வீட்டின் அளவைப் பொறுத்துச் சில நூறு வெள்ளி. இதில் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: சோதிப்பவருக்கு உங்கள் வீட்டில் வேறு எந்த வேலையும் கிடைக்கக் கூடாது. புதுப்பிப்பு நிறுவனம் "சோதனை இலவசம்" என்று சொன்னால் அதை ஏற்க வேண்டாம். அவர்களுக்கு வேலையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். எப்படியும் மூடிவிடப்போகிற சுவரையும் தரையையும் நுணுகிப் பார்க்க அவர்களுக்கு என்ன அவசியம்? நீர்த்தடுப்புப் பூச்சு விற்பவர் சோதித்தால் எல்லாச் சுவரிலும் ஈரம் தெரியும்.

முன்பணம் கொடுப்பதற்குமுன் கேட்க வேண்டியவை: எத்தனை பேர் வருவீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், பழைய அறிக்கை ஒன்றின் மாதிரி காட்ட முடியுமா, பழுதுபார்த்த பிறகு மறுசோதனைக்கு வருவது கட்டணத்தில் அடங்குமா, கூட்டுச் சோதனையன்று உடன் நின்று பேசுவீர்களா. சுமார் 90 சதுர மீட்டர் உள்ள நாலறை வீட்டை இரண்டு பேர் ஒழுங்காகப் பார்த்தால் 3 மணி நேரமாவது ஆகும். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கிளம்புகிறவர் டைல்களைத் தட்டியிருக்க மாட்டார்.

வெப்பப்படக் கருவி வைத்திருக்கிறோம் என்று பெருமையாக விளம்பரம் செய்வார்கள். அது காட்டுவது வெப்ப வேறுபாட்டை மட்டுமே. மதியம் வெயில் பட்ட சுவரும் குளிரூட்டி ஓடிய அறையும் அதில் வண்ணவண்ணமாகத் தெரியும். படத்தில் நீலமாகத் தெரிந்த இடத்தை ஈரமானியால் தொட்டு உறுதிசெய்தால்தான் அது ஈரம். தூணிலோ உத்தரத்திலோ பெரிய விரிசல் தெரிந்தால் மட்டும் சோதனை நிறுவனத்தோடு நிற்காமல் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

போகும் முன்

மின்சார, தண்ணீர்க் கணக்குகளைக் கவனிக்கும் எஸ்பி குழுமத்தில் கணக்குத் திறந்து, மின்சாரமும் தண்ணீரும் வந்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத வீட்டைச் சோதிப்பது பாதிச் சோதனைகூட இல்லை. பகல் வெளிச்சம் வேண்டும். காலை 10 மணிக்குத் தொடங்குவது நல்லது.

நீங்களே பார்ப்பதானாலும், ஆளோடு சேர்ந்து பார்ப்பதானாலும் இவை கையில் இருக்கட்டும்: டார்ச் விளக்கு, 1.2 மீட்டர் நேரான அலுமினியப் பட்டை, ரசமட்டம், மூலைமட்டம், மூன்று விளக்கு எரியும் பிளக் சோதிப்பான், நீலநிற மாஸ்கிங் டேப், வாளி, டிஷ்யூ, ஏணி, தட்டிப் பார்க்கக் குண்டு முனையுள்ள நீளும் கம்பி. வங்கி அட்டைகள் நான்கும் உதவும். ஓர் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், நான்கைச் சேர்த்துப் பிடித்தால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர்.

அந்த 3 மில்லிமீட்டர்தான் இங்கே முக்கியமான எண். 1989இல் அறிமுகமாகி, இப்போது கட்டட, கட்டுமான ஆணையம் நடத்தும் கான்குவாஸ் தர மதிப்பீட்டு முறையில், சுவரோ தரையோ 1.2 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளமாக இருக்கக் கூடாது. செங்குத்தில் ஒரு மீட்டருக்கு 3 மில்லிமீட்டர், மூலையில் 300 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர், அடுத்தடுத்த டைல்களின் உயர வேறுபாடு 1 மில்லிமீட்டர், கதவுக்கும் நிலைக்கும் இடையே 5 மில்லிமீட்டர் என்று வரம்புகள் உண்டு. "சுவர் கோணலாக இருக்கிறது" என்றால் மேற்பார்வையாளர் இல்லை என்பார். பட்டையைச் சுவரில் வைத்து, நடுவில் நான்கு அட்டையும் நுழைவதைக் காட்டினால் எழுதிக்கொள்வார்.

தரையும் சுவரும்

டைல் தட்டுவதற்குப் பொறுமை வேண்டும். கம்பியின் குண்டு முனையை டைல்மீது மெல்ல இழுத்தபடி நடந்தால் போதும். ஓங்கி அடிக்க வேண்டாம். அடியில் சாந்து நிறைந்த டைல் "டக் டக்" என்று அடங்கிய ஒலி தரும். வெற்றிடம் உள்ள டைலில் ஒலி மேலெழும்பி, காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்கும். ஒவ்வொரு டைலையும் நான்கு மூலை, நடு என்று ஐந்து இடத்தில் கேளுங்கள். வெற்றொலி வரும் பகுதியை டேப்பால் எல்லை கட்டிக் குறியுங்கள்.

எல்லா வெற்றொலியையும் மாற்றச் சொல்வது புத்திசாலித்தனம் அல்ல. ஒரு மூலையில் கையகல இடம் மட்டும் ஒலித்தால், அதை உடைத்தெடுக்கும்போது பக்கத்து டைல்கள் அசையும். புதிதாக வைக்கும் டைல் வேறு தொகுதியிலிருந்து வந்தால் நிறமும் ஒத்துப்போகாது. பாதிக்கு மேல் வெற்றாக இருந்தாலோ, வாசல், சமையல் மேடை முன்பகுதி என்று மிதி அதிகம் படும் இடத்தில் இருந்தாலோ, மிதிக்கும்போது அசைந்தாலோ விடாதீர்கள். மற்றவற்றைப் பட்டியலில் பதிவுசெய்து வைத்தால் போதும். ஓராண்டுக்குள் டைல் கிளம்பினால் அந்தப் பதிவு பேசும். டைலுக்கு டைல் இருக்கும் லேசான நிற வேறுபாட்டைக் குறையாக ஏற்கமாட்டார்கள், அதற்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படுக்கையறையில் வினைல் பலகை போட்டிருந்தால் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத மேடுகளும் பசைக் கட்டிகளும் நிழலாக எழுந்துவரும். சுவருக்கும் இதே வழிதான்: டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் பட்டி பார்த்த தழும்புகள் வரிசையாகத் தெரியும்.

விரிசல்களைப் பிரித்துப் பாருங்கள். முன்வார்ப்புச் சுவர்ப் பலகைகள் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடும் மயிரிழை விரிசல் புது வீடுகளில் சகஜம். காய்ந்து சுருங்குவதால் வருவது. வெறும் பெயிண்ட் பூசி மறைத்தால் சில மாதத்தில் மறுபடி வாய் திறக்கும், ஆகவே நெகிழும் தன்மையுள்ள அடைப்பான் வைத்து மூடச் சொல்லுங்கள். சாய்வாக ஓடுவது, ஒரு பக்கம் அகன்று போவது, சுவரின் இரு பக்கமும் தெரிவது இவை வேறு வகை. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அடுத்த மாதம் தெரிந்துவிடும்.

குளியலறைக்கே அதிக நேரம்

புது வீட்டில் பின்னாளில் பெருந்தொந்தரவு தருவது தண்ணீர்தான். ஆகவே இங்கே அவசரம் வேண்டாம்.

முதலில் தரை வடிகால் மூடியைத் தூக்கி டார்ச் அடியுங்கள். கட்டுமானத்தின்போது கழுவிவிட்ட சிமெண்ட் உள்ளே கட்டிதட்டியிருக்கும் வீடுகள் உண்டு. இருந்தால் படம் எடுங்கள். நீங்களே குச்சியால் குத்தி உள்ளே தள்ளிவிடாதீர்கள். அடுத்து, கதவோரத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். வடிகாலை நோக்கி ஓட வேண்டும். வாசலை நோக்கி வந்தால் வாட்டம் தவறு. அரைமணி நேரம் கழித்து வந்து பாருங்கள். நனைந்திருப்பது இயல்பு. ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் குளமாக நின்றால் அதைச் சுற்றி டேப் ஒட்டி, காய்வதற்குள் படம் எடுங்கள், காய்ந்த பிறகு காட்ட எதுவும் இருக்காது.

கழிவுக்கலத்தைச் சுற்றியுள்ள அடைப்பு, கை கழுவும் தொட்டியின் அடிக்குழாய் இணைப்பு இரண்டையும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவை டிஷ்யூ காட்டிவிடும். கழிவுக்கலத்தில் ஐந்தாறு முறை தண்ணீர் விட்ட பிறகும் மீண்டும் துடைக்க வேண்டும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு அத்தனையையும் இறுக மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைப் படம் எடுங்கள். அரைமணி நேரத்துக்குப் பின் எண் நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது.

தரை முழுக்கத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடும் சோதனையை நீங்களாகச் செய்ய வேண்டாம். கசிந்தால் நனைவது கீழ்வீட்டுக் கூரை. சந்தேகம் இருந்தால் கட்டியவர்களையே செய்யச் சொல்லி, கீழ்வீட்டுக்காரருக்கு முன்கூட்டித் தெரிவிக்கச் சொல்லுங்கள். உங்கள் குளியலறைக் கூரையையும் நிமிர்ந்து பாருங்கள். மேல்வீட்டிலிருந்து வரும் பழுப்பு வட்டம் ஆரம்பத்தில் ஒரு நாணய அளவுதான் இருக்கும். வீவக புது வீட்டில் முதல் 3 ஆண்டு குளியலறைச் சுவர், தரை ஓடுகளை உடைத்து மாற்ற அனுமதி இல்லை. அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலத்தைக் காப்பதற்கான விதி அது. துண்டு மாட்டும் கம்பிக்காகத் துளை போடுவதையும் பழுதுபார்ப்பு முடியும்வரை தள்ளிவையுங்கள். துளை போட்ட பிறகு கசிந்தால் பழி துளைமீது விழும்.

மின்சாரம், கதவு, சன்னல்

மின் பெட்டியில் ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பானின் 'டி' பொத்தானை அழுத்துங்கள். அதன் சுவிட்ச் சட்டென்று கீழே விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். விழவில்லை என்றால் மற்ற எதையும் சோதிக்காமல் அன்றே தெரிவியுங்கள்; அது உயிர் சம்பந்தப்பட்டது. பிறகு ஒவ்வொரு பிளக்கிலும் சோதிப்பானைச் செருகுங்கள். நிலஇணைப்பு இல்லாதது, கம்பி மாறிப் பொருத்தியது இரண்டையும் விளக்குகள் காட்டிக்கொடுக்கும். மின் பெட்டியில் எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று ஒட்டியிருப்பது சரிதானா என்பதையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். 2018 ஜூன் முதல் புது வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதன் சோதனைப் பொத்தானையும் அழுத்துங்கள். ஹோமப் புகைக்கு அது நிச்சயம் அலறும் என்பதால் அதன் ஒலி எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கதவைப் பாதி திறந்து கையை எடுங்கள். தானாக மூடிக்கொண்டாலோ திறந்துகொண்டாலோ நிலை செங்குத்தாக இல்லை அல்லது கீல் கோணல். மரக்கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். யாரும் பார்க்காத இடம் என்று பூச்சு இல்லாமல் விட்டிருப்பார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கதவு உப்பிக்கொள்வது அந்த விளிம்பிலிருந்துதான். பாம் ஷெல்டர் எனப்படும் வீட்டுப் பாதுகாப்பு அறையின் இரும்புக் கதவு எளிதாகச் சாத்தித் தாழிட வருகிறதா, சுற்றியுள்ள ரப்பர் பட்டை முழுசாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சன்னல்களை முழுக்கத் திறந்து மூடுங்கள். நகரும் சன்னல் ஓட்டத்தின் முடிவில் தடுப்பான் இருக்க வேண்டும். சன்னல் சட்டத்தை விட்டுக் கழன்று வரக் கூடாது. சட்டத்தைச் சுற்றிய சிலிக்கான் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், குறிப்பாகக் கீழ் மூலைகளில். மழைநீர் நுழைவது பெரும்பாலும் அங்கேதான். கண்ணாடிக் கீறலைத் துடைத்த பிறகு பார்க்க வேண்டும். சிமெண்ட் தூசியோடு துடைத்தால் நீங்களே கீறிவிடுவீர்கள், முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கொண்டோவில் இன்னும் கொஞ்சம் வேலை. குளிரூட்டிகளை எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். அடுப்பு, அவன், குளிர்பதனப் பெட்டி இவற்றின் மாடல் எண்கள் ஒப்பந்தப் பின்னிணைப்பில் உள்ளவைதானா என்று ஒப்பிடுங்கள்.

பட்டியல் எழுதும் விதம்

"பொதுக் குளியலறை டைல் சரியில்லை" என்று எழுதினால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. ஏதோ ஒன்றைச் சரிசெய்துவிட்டு முடிந்தது என்று குறித்துவிடுவார். இப்படி எழுதுங்கள்: "எண் 14. பொதுக் குளியலறை. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவர். தரையிலிருந்து 3ஆம் வரிசை, மூலையிலிருந்து 2ஆம் டைல். வலது மேல் மூலை உடைந்துள்ளது, சுமார் 8 மில்லிமீட்டர். படம் 14அ, 14ஆ." ஒரு படம் இடம் தெரியும்படி தள்ளி நின்று, ஒன்று நெருக்கத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து. சுவரில் ஒட்டிய டேப்பிலும் அதே 14. டேப் இரண்டு வாரத்தில் உதிரலாம். எண்ணும் படமும் நிற்கும். டேப்பை வினைல் தரையிலும் புதுப் பெயிண்டிலும் நெடுநாள் விட்டால் கறையோடு உரிந்து வரும், அதையும் கவனியுங்கள்.

கூட்டுச் சோதனைக்கு வரும் ஊழியர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். "தம்பி, இங்க கொஞ்சம் தட்டிப் பாருங்க" என்று தமிழிலேயே காட்டினால் வேலை சுலபமாகும், அவர்களும் அக்கறையாகச் செய்வார்கள். ஆனால் வாயால் சொன்னது பதிவாகாது. அன்று மாலையே ஆங்கிலத்தில் எழுத்துமூலம் பட்டியலை அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டோ ஒப்பந்தப்படி, எழுத்தில் தெரிவித்த குறையைக் கட்டியவர் ஒரு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால், வேறு ஆளை வைத்துச் செய்யப்போவதாகவும் உத்தேசச் செலவு இவ்வளவு என்றும் எழுதி, அவருக்கு மேலும் 14 நாள் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் வரவில்லை என்றால் செய்து முடித்துச் செலவைக் கேட்கலாம். இந்தப் படிகளைத் தாண்டி நேராக ஆளை வைத்துச் செய்துவிட்டு ரசீதோடு போனால் பணம் வருவது கடினம். தொகை பெரிதென்றால் வீடு வாங்கியபோது இருந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடிதம் அனுப்புங்கள்.

பழுதுபார்த்த பிறகு

சரிசெய்யும் வேலையே புதுக் குறைகளை உண்டாக்கும். டைல் உடைக்கும்போது பக்கத்துக் கதவு கீறும், பெயிண்ட் தரையில் சொட்டும். ஆகவே முதல் சோதனையின் படங்களோடு பகலில் வந்து, அதே டார்ச்சைச் சுவரோடு பிடித்து மறுபடி பாருங்கள். பெயிண்ட் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலைவரை அடிக்கச் சொல்லுங்கள். மாற்றிய டைலையும் மறுபடி தட்ட வேண்டும். பார்க்காத எண்ணுக்கு எதிரே கையெழுத்துப் போடாதீர்கள். மாலை 6 மணிக்கு மேல் கையெழுத்துக் கேட்டால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள்.

குடிபோன பிறகும் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவது, காற்றோடு அடிக்கும் முதல் பெருமழை முடிந்ததும்: விடியற்காலையில் வரும் சுமத்ரா புயற்காற்றோ, நவம்பர் முதல் ஜனவரிவரையான வடகிழக்குப் பருவமழையோ எதுவானாலும், சன்னலின் கீழ் மூலைகளையும் வெளிச்சுவரின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். வெயில் மாதத்தில் நடந்த சோதனையில் இது தெரிந்திருக்காது. இரண்டாவது, பத்தாம் மாத முடிவில்: கதவுகள், டைல்கள், பென்சில் கோடு போட்ட விரிசல்கள், குளியலறைக் கூரை. அந்தத் தேதியைச் சாவி வாங்கிய அன்றே கைப்பேசி நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். பதினோராம் மாதத்தில் கொடுத்த பட்டியலுக்குப் பதில் வர இன்னும் ஒரு மாதம் மிச்சமிருக்கும்.